காப்பியும் படபடப்பும்: ஒரு தில்லிக்காரனின் சரித்திரக் குறிப்பு

2018 ஜனவரி. ராத்திரி இரண்டரை மணி. இரண்டு ரஜாய்க்குள் சுருண்டு கிடந்தவன் திடுக்கென்று எழுந்து உட்கார்ந்தேன். நெஞ்சு தடதடவென்று அடிக்கிறது. மூச்சு பாதியிலேயே நின்றுவிடுகிறது. உள்ளங்கையெல்லாம் வேர்வை. தில்லி ஜனவரியில் ஒருவனுக்கு வேர்க்கிறது என்றால் என்ன அர்த்தம்? ‘சரி, நம்ம கதை முடிஞ்சுது’ என்றுதான் நினைத்தேன்.

மூடுபனியில் வண்டியை ஊர்ந்து ஓட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது என் மனைவி. ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. டியூட்டியில் இருந்த சின்ன வயசுப் பஞ்சாபி டாக்டரம்மா ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “காஃபி கித்னி பீத்தே ஹைன்?”

“மூணு” என்றேன். பின்னாலிருந்து என் மனைவி, “ஸாத்” என்றாள். ஏழு! (ஆபீஸில் குடிக்கும் நாலு டீ அவள் கணக்கில் வராது. நல்லவேளை.)

டாக்டரம்மா இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, இது இதயம் இல்லை, பதற்ற நோய் மாதிரி தெரிகிறது, மனநல மருத்துவரைப் பாருங்கள். இரண்டு, காப்பியைக் குறையுங்கள். முதலாவதைக் கேட்டு எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாவதைக் கேட்டதும் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. ‘யாரிடம் வந்து என்ன சொல்கிறாய்? எங்கள் ரத்தத்திலேயே டிகாக்‌ஷன்தான் ஓடுகிறது’ என்று வாய்வரை வந்தது.

வீட்டுக்கு வந்தபிறகுதான் யோசித்தேன். மனநோய் என்றதற்கு வராத கோபம் காப்பிக்கு ஏன் வந்தது? அதைத் தேடி அங்கே இங்கே படித்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

*

முதலில் உலகக் கதையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். காப்பியைப் பார்த்து முதன்முதலில் படபடத்தவர்கள் அதைக் குடித்தவர்கள் இல்லை, ஆட்சியில் இருந்தவர்கள்!

1511-இல் மெக்காவில் கைர் பேக் என்ற அதிகாரி காப்பிக்குத் தடை போட்டார். காப்பி குடிக்கிறேன் என்று ஜனங்கள் ராத்திரியில் கூடிக் கூடிப் பேசியது அவருக்குப் பிடிக்கவில்லை. 1675 டிசம்பரில் இங்கிலாந்து ராஜா இரண்டாம் சார்லஸ், காப்பிக் கடைகளை மூடச் சொல்லிப் பிரகடனமே வெளியிட்டார். அங்கே உட்கார்ந்து அரசாங்கத்தைப் பற்றி வம்பு பேசுகிறார்களாம். ஊரே எதிர்த்ததால் சில நாட்களிலேயே வாபஸ் வாங்கிக்கொண்டார்.

இதெல்லாம் எங்கோ நடந்த கதை என்று நினைக்காதீர்கள். நம் தில்லியிலும் நடந்தது. காபி போர்டு நடத்திவந்த இந்தியா காபி ஹவுஸ்களை 1950களில் மூட ஆரம்பித்தபோது, வேலை இழந்த தொழிலாளர்கள் ஏ.கே.கோபாலனின் தலைமையில் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துத் தாங்களே கடை நடத்த ஆரம்பித்தார்கள். தில்லியில் 1957-இல் கன்னாட் பிளேஸில் அப்படி ஒன்று வந்தது. எழுத்தாளர்கள், பத்திரிகைக்காரர்கள், அரசியல்வாதிகள் என்று எந்நேரமும் கூட்டம். நெருக்கடி நிலைக் காலத்தில் அதை இடித்துத் தள்ளினார்கள். பிற்பாடு அந்த இடத்தில்தான் பாலிகா பஜார் வந்தது. அங்கே பேசப்பட்ட அரசியல்தான் காரணம் என்று பழைய தில்லிவாசிகள் இன்றைக்கும் சொல்வார்கள்.

ஆக, காப்பியில் என்னவோ இருக்கிறது, அது மனுஷனைத் தூங்கவிடாமல் பேசவைக்கிறது என்று ராஜாக்களுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. அது குடித்தவனுக்கு உள்ளே என்ன செய்கிறது என்று கேட்கத்தான் நாளாயிற்று.

*

இப்போது நம் ஊர்க் கதை. ‘எங்கள் ரத்தத்திலேயே டிகாக்‌ஷன்’ என்று பெருமைப்பட்டேன் இல்லையா? அதற்கு ஆ.இரா.வேங்கடாசலபதி எழுதிய புத்தகத்தின் தலைப்பே பதில் சொல்லிவிட்டது: ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’.

பதினேழாம் நூற்றாண்டில் பாபா புடன் என்ற சூஃபி பெரியவர் ஏமன் நாட்டிலிருந்து ஏழு காப்பிக்கொட்டையை ஒளித்துக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் விதைத்தார் என்பது கதை. (அங்கேயும் ஏழு! என் மனைவி கவனிக்க.) ஆனால் மலையில் விளைந்தது உடனே நம் சமையலறைக்கு வந்துவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் குடகிலும் நீலகிரியிலும் ஏற்காட்டிலும் எஸ்டேட் போட்டதெல்லாம் ஏற்றுமதிக்காக. இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கு நம் ஜனங்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோனதும் அந்தக் காலத்தில்தான். 1869-இல் அங்கே இலைத்துரு நோய் வந்து காப்பிச் செடிகள் அழியத் தொடங்கின. அப்புறம்தான் தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. அந்தத் தொழிலாளிகளில் எத்தனை பேர் ஒரு வாய் நல்ல காப்பி குடித்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டு நடுத்தர வர்க்கத்து வீடுகளில் காப்பி நிலைகொண்டது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும்தான். அதற்கு முன்னால் காலையில் எழுந்தால் நீராகாரமும் பழைய சோறும். காப்பி வந்தபோது பெரியவர்கள் திட்டித் தீர்த்திருக்கிறார்கள். உடம்பு கெடும், காசு கரையும், பெண்கள் கெட்டுப்போவார்கள், இது விட முடியாத பழக்கம் என்றெல்லாம். காந்தியும் உடல்நலம் பற்றி எழுதியபோது டீ, காப்பி, கோகோ மூன்றும் உடம்புக்குத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார். யார் கேட்டார்கள்? வந்த விருந்தாளிக்குக் காப்பி கொடுக்காவிட்டால் அவமரியாதை என்ற அளவுக்கு ஓரிரண்டு தலைமுறைக்குள் வந்துவிட்டோம்.

என் தாத்தாவின் அப்பா காப்பி குடித்திருக்கவே மாட்டார். இதைத் தெரிந்துகொண்டபோது என் கோபம் பாதி இறங்கியது. நான் ஏதோ தொல்காப்பியர் காலத்து வழக்கத்தை விடுவதுபோல அல்லவா துடித்தேன்!

*

தில்லிக்கு வந்த தமிழர்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. 1911-இல் தலைநகரம் தில்லி என்று அறிவித்து, 1931-இல் புதுதில்லியைத் திறந்துவைத்தார்கள். செக்ரடேரியட் வேலைக்கு மதராஸ் மாகாணத்துக் குமாஸ்தாக்களும் சுருக்கெழுத்தர்களும் வந்து சேர்ந்தார்கள். 1946-இல் தில்லித் தமிழ்ச் சங்கம் ஆரம்பித்தார்கள். கரோல்பாக், கோல் மார்க்கெட், லோதி காலனி, அப்புறம் ராமகிருஷ்ணபுரம் என்று குடியிருப்புகள் பரவின. எங்கே போனாலும் பெட்டியில் பித்தளை ஃபில்டர் ஒன்று கூடவே வந்தது.

என் சித்தப்பா 1964-இல் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியவர். முப்பது வருஷம் கழித்து நான் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்தேன். இரண்டு பேருக்கும் ஒரே அனுபவம். ராத்திரி சென்னையில் ஏறினால் மறுநாள் மத்தியானம் நாக்பூர் வரும். அந்த வட்டாரத்தில் மண்டையைப் பிளக்கும் தலைவலி ஒன்று ஆரம்பிக்கும். ஆக்ரா வரைக்கும் விடாது. ரயிலில் ‘காபி காபி’ என்று வருவதை நாங்கள் காப்பி என்றே ஒத்துக்கொள்வதில்லை. அதனால் குடிக்க மாட்டோம். தலைவலிக்குக் காரணம் வெயில், தூசி, அம்மாவை விட்டு வந்த துக்கம் என்று நினைத்துக்கொள்வோம்.

இப்போது தெரிகிறது. தினமும் காப்பி குடிப்பவர் நிறுத்தினால் பன்னிரண்டிலிருந்து இருபத்துநாலு மணி நேரத்துக்குள் தலைவலி ஆரம்பிக்கும், ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போகும் என்று மருத்துவத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் சரியாக நாக்பூர்! துக்கமும் இருந்திருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எது மனசு, எது டிகாக்‌ஷன் என்று பிரித்துப் பார்க்க எங்களுக்குத் தெரியவில்லை.

*

அதைப் பிரித்துப் பார்க்க விஞ்ஞானிகளுக்கே ரொம்ப நாள் ஆகியிருக்கிறது.

1819-இல் ஜெர்மன் மகாகவி கதே, ஃபிரீட்லிப் ருங்கே என்ற இளம் ரசாயனக்காரரிடம் கொஞ்சம் காப்பிக்கொட்டையைக் கொடுத்து, இதில் என்ன இருக்கிறது பார் என்றார். அவர் பிரித்தெடுத்ததுதான் காஃபீன். 1827-இல் தேயிலையிலிருந்து ஒன்றைப் பிரித்து அதற்குத் ‘தெயின்’ என்று பேர் வைத்தார்கள். 1838-இல் பார்த்தால் இரண்டும் ஒன்றே! ‘எனக்குக் காப்பி ஒத்துக்காது, டீதான்’ என்று சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கவும். டீயில் அளவு குறைவு, அவ்வளவுதான்.

காஃபீன் செய்யும் வேலை எளிமையானது. நாள் முழுக்க நாம் வேலை செய்யச் செய்ய மூளையில் அடினோசின் என்ற பொருள் சேரும். அது தனக்கென்று உள்ள இடங்களில் போய் உட்கார்ந்தால் ‘போதும், ஓய்வெடு’ என்று உடம்புக்குச் செய்தி போகும். காஃபீன் என்ன செய்கிறது என்றால், நம் ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பதுபோல அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அடினோசின் நின்றுகொண்டே வரவேண்டியதுதான். ஓய்வெடு என்ற செய்தி போகாது. அதிகமாகக் குடித்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், தூக்கம் போகும்.

நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை. பதற்ற நோயின் அறிகுறிகளும் இவைதான். விவகாரமே இங்குதான் இருக்கிறது.

1974-இல் ஜான் கிரெடன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதைப்பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் வரும் ஒருவர் 27 வயது நர்ஸ். தலைசுற்றல், நடுக்கம், மூச்சு முட்டல், இதயம் தாறுமாறாக அடிப்பது. பரிசோதித்தவர்கள், கணவரை வியட்நாமுக்கு மாற்றிவிடுவார்களோ என்ற பயத்தில் வந்த பதற்றம் என்று முடிவு கட்டினார்கள். அந்த அம்மாளுக்குத் திருப்தி இல்லை. தானே யோசித்துக் கண்டுபிடித்தார். புதிதாகக் காப்பி வடிக்கும் பாத்திரம் ஒன்று வாங்கியிருந்தார். அதிலிருந்து ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கோப்பை கடுங்காப்பி. அதை நிறுத்தியதும் தொந்தரவும் நின்றுவிட்டது. காப்பி எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்காமலே பதற்ற நோய் என்று சீட்டு எழுதிவிடக்கூடாது என்பதுதான் கிரெடனின் வாதம்.

ஆனால் எல்லாருடைய கதையும் இவ்வளவு சுலபமாக முடிவதில்லை. ஏற்கெனவே பதற்ற நோய் இருப்பவர்களுக்குக் காஃபீன் என்ன செய்கிறது என்று 1980களில் சோதித்துப் பார்த்தார்கள். 1985-இல் வந்த ஓர் ஆய்வில் எடைக்கு ஏற்றபடி, கிலோவுக்கு 10 மில்லிகிராம், அதாவது 70 கிலோ ஆளுக்கு 700 மில்லிகிராம் ஒரே வேளையில் கொடுத்தார்கள். திடீர் பீதித் தாக்கு வருகிறவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாகப் பதற்றம் ஏறியது. அவர்களில் பெரும்பாலோர், இது தங்களுக்கு வழக்கமாக வரும் தாக்கு மாதிரியே இருக்கிறது என்றார்கள்.

ஒரே ஃபில்டர், ஒரே டிகாக்‌ஷன். என் மனைவி ராத்திரி ஒன்பது மணிக்குக் குடித்துவிட்டுக் குறட்டை விடுவாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். இது மன உறுதி சம்பந்தப்பட்டதில்லை. மூளையில் காஃபீன் போய் உட்காரும் இடமும், ஈரலில் அதைக் கரைக்கும் வேகமும் பரம்பரையைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். சராசரியாக ஐந்து மணி நேரத்தில் பாதி கரையும். சாயங்காலம் ஆறு மணிக்குக் குடித்தது ராத்திரி பதினோரு மணிக்குப் பாதி மிச்சம். சிகரெட் பிடிப்பவர்களுக்குச் சீக்கிரம் கரையும், கர்ப்பிணிகளுக்கு ரொம்ப மெதுவாக. ஃப்ளூவோக்ஸமின் என்று ஒரு மனநல மருந்து இருக்கிறது. அதைச் சாப்பிடுகிறவர்களுக்குக் காஃபீன் மிக மெதுவாகக் கரையும். ஆகவே டாக்டரிடம் காப்பிக் கணக்கை மறைக்காதீர்கள், என்னைப்போல.

நம் ஐ.சி.எம்.ஆரின் கீழ் உள்ள ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் காஃபீனுக்கு மேல் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். 150 மில்லி வடித்த காப்பியில் 80 முதல் 120, இன்ஸ்டன்ட் காப்பியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65 மில்லிகிராம் என்றும் கணக்குக் கொடுத்திருக்கிறார்கள். நம் டம்ளரில் பால் பாதி, சிக்கரி கொஞ்சம் (சிக்கரியில் காஃபீன் கிடையாது) என்பதால் குறைந்த அளவையே வைத்து என் 2018-ஆம் வருஷத்துக் கணக்கைப் போட்டேன். ஏழு காப்பி 560, நாலு டீ 120. மொத்தம் 680.

*

சித்தப்பாவைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அவருக்கும் ‘அது’ இருந்தது. ராமகிருஷ்ணபுரம் குவார்ட்டர்ஸில் எல்லாருக்கும் தெரியும். ராத்திரி நடுவில் எழுந்து வெளியே நடப்பார். பஸ்ஸில் கூட்டம் என்றால் இறங்கிவிடுவார். கையெழுத்துப் போடும்போது கை நடுங்கும். ‘நரம்புத் தளர்ச்சி’ என்று பேர் வைத்து டானிக் வாங்கிக் கொடுத்தார்கள். பிள்ளைகள் நாங்கள் அவர் மாதிரி நடுங்கிக் காட்டிச் சிரிப்போம். இதை எழுதவே கூசுகிறது.

அவர் படபடக்கும்போதெல்லாம் சித்தி செய்த வைத்தியம் ஒன்றுதான். “இந்தாங்கோ, சூடா ஒரு வாய் காப்பி சாப்டுங்கோ, சரியாப் போயிடும்.” அன்பாகத்தான் கொடுத்தாள். அவரும் அன்பாகத்தான் வாங்கிக் குடித்தார். ஒரு பத்து நிமிஷம் தெளிவாகத்தான் இருப்பார். அவருடைய நோய்க்குக் காப்பிதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அவர் 2003-இல் போய்விட்டார். என்ன நோய் என்று எந்த டாக்டரும் பேர் சொல்லவில்லை. எத்தனை டம்ளர் என்றும் யாரும் கேட்கவில்லை.

என்னிடம் கேட்டார்கள். அதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம்.

*

நான் மனநல மருத்துவரைப் பார்த்தேன். மருந்தும் பேச்சு சிகிச்சையுமாக ஒன்றரை வருஷம் ஆயிற்று. காப்பியை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், நாக்பூர் தலைவலி வந்து அதுவே பதற்றத்தில் கொண்டுவிடும் என்றார் (நாக்பூர் என் சேர்க்கை). வாரத்துக்கு ஒரு டம்ளராகக் குறைத்தேன். கடைசியாகப் போனது சாயங்காலம் ஐந்து மணிக் காப்பி. அதுதான் கஷ்டம். இப்போது காலையில் ஒன்று, பதினோரு மணிக்குப் பாதி. அதோடு சரி. காப்பியைக் குறைத்ததால் நோய் குணமாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம், மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். ஆனால் நெஞ்சு தடதடக்கும்போது ‘இது நோயா, டிகாக்‌ஷனா’ என்ற குழப்பம் எனக்கு இப்போது இல்லை. அந்தத் தெளிவே பாதி நிம்மதி.

வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களுடைய கணக்கையும் பாருங்கள். ராத்திரி கண்முழிக்க இவர்கள் வாங்கும் எனர்ஜி டிரிங்க் டப்பாவின் பின்னால் காஃபீன் எவ்வளவு என்று போட்டிருக்கும். குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்றும் போட்டிருக்கும். பரீட்சை பயம் என்று நாம் நினைப்பதில் கொஞ்சம் அந்த டப்பாவாகவும் இருக்கலாம்.

போன தீபாவளிக்கு மயூர் விஹாரில் சித்தியைப் பார்க்கப் போயிருந்தேன். எண்பது தாண்டியாயிற்று. இன்னமும் தானேதான் டிகாக்‌ஷன் இறக்குவாள். சாயங்காலம் ஐந்து மணி. டபரா டம்ளரோடு வந்தாள்.

“வேண்டாம் சித்தி.”

“என்னடா வேண்டாம்? புதுப் பொடி.”

சொன்னேன். ஆஸ்பத்திரி, மருந்து, ஏழு டம்ளர் எல்லாவற்றையும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

“அவருக்கும் இதேதானோ?”

“தெரியாது சித்தி. யாராவது குறைக்கச் சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா மட்டும் கேட்டிருப்பாராக்கும்” என்றாள். பிறகு உள்ளே போய் மோர் கொண்டுவந்தாள். பெருங்காயம் கொஞ்சம் தூக்கல்.

நமக்குக் காப்பி வந்து நூற்றுச் சொச்சம் வருஷம்தான் ஆகிறது, மோர் அதற்கு முன்னாலேயே இருக்கிறது. ஆகவே உங்கள் வீட்டுக்கு வருகிறவர் யாராவது ‘காப்பி வேண்டாம்’ என்றால் இரண்டாம் தடவை வற்புறுத்தாதீர்கள். ஏன் என்றும் கேட்காதீர்கள். மோர் இருக்கிறதா என்று பாருங்கள்.